எட்டாவது வளையம்

செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுத் தீவனம் சேமிக்கும் கோபுரமான அந்தச் சைலோவின் அடிக்கதவுக்குள் தலையை நுழைத்தேன். புளித்த வாசனை அடித்தது. அதற்குள் ஒரு பிடி தீவனம் விழுந்து ஐம்பது ஆண்டுகளாவது இருக்கும். ஆனாலும் முதல்நாள் மழையில் சுவர் நனைந்ததும், சோளத் தட்டையின் சாற்றை அந்தக் காலத்தில் குடித்துவைத்திருந்த சாந்து அந்த மணத்தைத் திரும்ப வெளியே விட்டிருந்தது. மூன்றாம் நாள் தோசை மாவும் ஈரச் சாக்கும் கலந்த மணம் என்று நீ ஒருமுறை சொன்னாய். அது நினைவுக்கு வந்ததும் தலையை வெளியே எடுத்துவிட்டேன். உன்னை நினைப்பதற்காக நான் அங்கே போகவில்லை. வேலைக்குப் போயிருந்தேன்.

நீ போய் இருபத்தைந்து நாளாகிறது. அதற்கு முன் பதினொரு வருஷமாக நாம் இருவரும் கதைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி உன் மனைவி கௌரி கேட்டிருக்கிறார். எல்லோருடைய கல்வெட்டிலும் வருவதுபோல ‘பழகுவதற்கு இனியவர், பண்பில் உயர்ந்தவர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். நான்கு தடவை அப்படித் தொடங்கினேன். நீ பழகுவதற்கு இனியவன் அல்ல. நானும் அப்படித்தான். அது ஒன்றுதான் நமக்குள் இருந்த பொருத்தம். எனவே ஊருக்கு எழுதாமல் உனக்கே எழுதுகிறேன். கௌரி விரும்பினால் அச்சடிக்கட்டும், விரும்பாவிட்டால் விடட்டும்.

நமக்குள் சைலோ வந்ததே பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தால்தான். சனிக்கிழமைகளில் மெரிலேண்ட்ஸ் புறநகரில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி நேரம். மற்றத் தகப்பன்மார் பின்னால் இருந்த மண்டபத்தில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்து ஊர் அரசியலைத் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பேராதனையில் சரித்திரம் படித்துவிட்டு வந்து, இந்த நாட்டில் ஆறு வருஷம் பெட்ரோல் நிலையத்தில் நின்றவன். அதற்குப் பிறகு மறுபடியும் படித்து, பழைய கட்டிடங்களின் வரலாறு எழுதிக் கொடுக்கும் ஆலோசகன் ஆனவன். அந்த மண்டபத்தில் என்னை ‘பழைய வீடு பாக்கிறவர்’ என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். நீ பொறியியலாளன். பரமட்டாவில் கண்ணாடிக் கட்டிடத்தில் வேலை. உன்னை எழுந்து நின்று வரவேற்பார்கள். அதுவும் உனக்குப் பிடிக்காது. ஒருநாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

“மச்சான், இவங்களோட இன்னும் ஒரு கிழமை இருந்தா நான் கொலை செய்துபோடுவன். எங்கையாவது போவம்.”

“எங்கை?”

“ரோட்டு முடியிற இடம் வரைக்கும்.”

குவேக்கர்ஸ் ஹில்லைத் தாண்டி உன் பழைய கொரோலாவில் போனோம். அப்போது அந்தப் பக்கம் இப்படி வீடுகள் வரவில்லை. இடையிடையே பால் பண்ணைகள் மிச்சமிருந்தன. ஒரு வளைவில் திரும்பியதும், மேட்டில் ஒரு கோபுரம் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. செங்கல் அப்படி மின்னாது. சீமெந்தும் மின்னாது. நீ வண்டியை நிறுத்திவிட்டாய்.

எனக்கு அதன் கதை தெரியாது, உனக்கு அதன் கட்டு தெரியாது. இரண்டையும் கண்டுபிடிக்க நமக்கு மூன்று வருஷச் சனிக்கிழமைகள் தேவைப்பட்டன. மழைக்குப் பிறகு புல் தழைத்து, இரண்டு மாதத்தில் காய்ந்து கருகிப்போகிற சமவெளி அது. பால்மாட்டுக்காரர் சோளத்தைப் பச்சையாக வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்துப் புளிக்கவைத்துச் சேமிக்கப் பழகினார்கள். முதலில் நிலத்தில் குழி வெட்டினார்கள், அதற்குள் தண்ணீர் ஊறியது. பலகையில் கோபுரம் கட்டினார்கள். பலகை காய்ந்து சுருங்கிக் காற்று விட்டது. செங்கலில் கட்டினார்கள், புளித்த சாறு செங்கலையும் சாந்தையும் அரித்தது. அமெரிக்கச் சமவெளிகளில் இதற்கு வேறொரு வழி பிடித்திருந்தார்கள். உள்ளே வெற்று அறைகள் விட்டுச் செய்த சுட்ட களிமண் கற்கள். பாரம் குறைவு. வெற்றறையில் காற்று நிற்பதால் வெயிலும் குளிரும் தீவனத்தைத் தொடாது. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை அள்ளி எறிந்தால், அந்த ஆவி களிமண்ணின் மேல் கண்ணாடியாகப் படியும். அந்த மினுக்கத்தைப் புளிச்சாறு அரிக்க முடியாது.

அங்கே அப்படிக் கட்டியவை நூற்றுக்கணக்கில். இங்கே மிகச் சில. நாம் கண்டுபிடித்த மட்டில், கழிவுநீர்க் குழாய் சுட்ட ஒரு சூளைதான் நம்முடைய சைலோவின் கற்களையும் சுட்டது. அதே களி, அதே உப்பு, அதே நெருப்பு. நான் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக உனக்குச் சொன்னபோது நீ சிரித்தாய்.

“அப்ப இது கக்கூஸ் குழாயின்ரை தம்பி எண்டு சொல்லு.”

சைலோவுக்குப் பக்கத்தில் பால் கறக்கும் கொட்டிலும் மிஞ்சிய கற்களால்தான் கட்டப்பட்டிருந்தது. கோணல் வந்தவை, வெடித்தவை எல்லாம் அங்கே போயிருந்தன. பிறகு சீமெந்தை அச்சில் ஊற்றிக் கட்டுவது சுலபமாயிற்று, அதற்குப் பிறகு தகரம் வந்தது. களிமண் கல்லின் காலம் அவ்வளவுதான். ஒரு தலைமுறைகூட நிற்கவில்லை. அந்தச் சின்னக் காலத்துக்குத்தான் நான் என் புத்திசாலித்தனம் முழுவதையும் கொடுத்தேன். ஊரில் ஆயிரம் வருஷக் கோயில்களைப் பற்றி எழுத வேண்டியவன், மாட்டுத் தீவனக் கோபுரத்தைப் பற்றி எழுதுகிறான் என்று என் தமையன் கனடாவிலிருந்து கேலி செய்தான். அதையும் நான் மறக்கவில்லை.

பண்ணைக்காரக் கிழவர் மால்டா தீவிலிருந்து வந்த குடும்பத்தவர். நாம் முதல்நாள் கோயிலுக்குப் போன வேட்டியோடு போய் அவருடைய சைலோவை நாடாப்போட்டு அளந்ததைப் பார்த்துவிட்டு, “நீங்கள் எந்த மதம், சைலோவைக் கும்பிடுகிற மதமா?” என்று கேட்டார். பிறகு தேநீர் தந்தார். சின்ன வயதில் தன்னையும் தமக்கையையும் உள்ளே இறக்கித் தகப்பன் வட்டம் வட்டமாக மிதிக்கவிடுவாராம். மேலிருந்து நறுக்கிய சோளம் தலையில் கொட்டிக்கொண்டே இருக்குமாம். மாலையில் ஏணிவழியாக ஏறி வெளியே வந்தால் நிலம் சுற்றுமாம்.

வடக்குப் பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரே வரிசையில் பதினொரு கற்கள் இருந்தன. உப்பு அதிகமாக விழுந்து, பச்சைக் கண்ணாடியாக உருகி, வழிந்து, வழிந்தபடியே உறைந்தவை. மற்றக் கற்கள் எல்லாம் தேன்நிறம், இவை மட்டும் குளத்தடிப் பச்சை. நான் அந்த இடத்தில் நிற்கும் நேரத்தை நீ கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொல்வாய்.

“பதினேழு நிமிசம். உனக்கென்ன விசரே? எவனோ ஒருத்தன் உப்பைக் கூட எறிஞ்சுபோட்டான். அவன்ரை பிழையைப் பாத்து நீ கண் கலங்கிறாய்.”

“பிழை எண்டாலும் வடிவா இருக்கு.”

“பிழை எண்டா பிழை. நான் எண்டா அவனுக்குச் சம்பளம் குடுத்திருக்க மாட்டன்.”

கிழவர் செத்தார். பிள்ளைகள் நிலத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் முந்நூறு வீட்டுக்குத் திட்டம் போட்டார்கள். சைலோவை என்ன செய்வது என்று நகரசபை கேட்டபோது, உள்ளூர் வரலாற்றுச் சங்கம் என்னிடம் அறிக்கை கேட்டது. நிலம் வாங்கியவர்கள் உன் அலுவலகத்திடம் கேட்டார்கள். முதலில் நமக்கு அது பகிடியாக இருந்தது. இரண்டு பக்கமும் நாமே, இனி யார் இடிப்பார்கள் என்று உன் வீட்டுக் குசினியில் தேநீர் குடித்தபடி சிரித்தோம்.

பிறகு நீ ஓரிடத்தில் சாந்தை உளியால் கொத்தித் திறந்து பார்த்துவிட்டு வந்தாய். ஒவ்வொரு கல்வரிசைக்கும் இடையில், சாந்துக்குள், கோபுரத்தைச் சுற்றி இரும்புக் கம்பி போகிறது. உள்ளேயிருந்து தள்ளும் தீவனத்தை அந்தக் கம்பிதான் பிடித்து நிறுத்தும். கல் வெறும் சட்டை, கம்பிதான் உடம்பு என்பாய். அந்தக் கம்பி துருப்பிடித்துவிட்டது என்றாய். வெளியே இரும்பு வளையங்கள் போட்டு இறுக்கவேண்டும், பீப்பாய்க்குப் போடுவதுபோல.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய கட்டிடத்தை வேறொன்றும் தொடாமல் விடவேண்டும், புது இரும்பு ஒன்றுகூடப் படக்கூடாது என்பது நான் படித்த பாடம். அந்தப் பாடத்தை இந்த நாட்டில் மறுபடியும் முதல் வகுப்பிலிருந்து படித்துத்தான் பட்டம் வாங்கினேன். அதை விடுவதற்கு எனக்கு மனமில்லை.

“வெறும் சைலோவுக்கு ஏன் வளையம்? உள்ளுக்கு ஒண்டும் தள்ளேல்லையே.”

“துரு ஊதுது மச்சான். கம்பி துருப்பிடிச்சா மொத்தமாகித் தடிக்கும். தீவனம் இல்லாட்டியும் அது உள்ளுக்கை இருந்து தள்ளிக்கொண்டுதான் நிக்கும்.”

“எத்தினை இடத்திலை பாத்தனி?”

“ஒரு இடம்.”

“ஒரு இடத்தைப் பாத்துட்டு முழுச் சுவரையும் சொல்லுறியோ?”

“நீ ஒரு இடமும் பாக்காமச் சொல்லுறாய்.”

கௌரி வந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, “இரண்டு பேரும் சைலோவைக் கலியாணம் கட்டியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில் நீ நிலம் வாங்கியவர்களின் ஆள் என்று எனக்குள் முடிவுகட்டினேன். இருபத்தைந்து வருஷச் சிநேகிதனைப் பற்றி அப்படி முடிவுகட்ட எனக்கு ஒரு ரயில் தரிப்பிடத்திலிருந்து அடுத்த தரிப்பிடம் வரை போதுமாக இருந்தது.

நகரசபைக் கூட்டத்தில் நான் முதலில் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று இப்போதும் நினைக்கிறேன். சூளை, உப்பு, பால்மாட்டுக்காரர், எல்லாம் சொன்னேன். இரும்பு நல்ல நிலையில் இருக்கிறது, எதுவும் செய்யாமல் அப்படியே விடவேண்டும் என்று முடித்தேன். நீ எழுந்தாய். மைக்கைச் சரிசெய்தாய். என்னைப் பார்த்தாய். உன் நல்ல ஆங்கிலத்தில், மெல்லிய சிரிப்போடு சொன்னாய்:

“என் நண்பர் அந்தச் சுவரை வாசித்திருக்கிறார். நான் அதைத் திறந்து பார்த்தேன்.”

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் கைகூடத் தட்டினார். பெட்ரோல் நிலையத்தில் என் உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிக் காட்டிச் சிரித்தவர்களின் அதே சிரிப்பு அது. அந்தச் சிரிப்பைப் பற்றி நான் உனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு நீ பேசியது ஒன்றும் என் காதில் விழவில்லை. உன் உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவி இரண்டு அறிக்கைகளையும் தூக்கிக் காட்டினார். நிபுணர்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை, ஆபத்தான கட்டிடம் என்று ஒருவர் சொல்லும்போது பொறுப்பை யார் எடுப்பது என்றார். இடிக்கலாம் என்று வாக்களித்தார்கள். மூன்று கிழமையில் சைலோ இல்லை. நான் பார்க்கப் போகவில்லை. நீ போனாய் என்று கேள்விப்பட்டேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் நீ எடுத்த அழைப்பை மட்டும் நான் எடுத்தேன்.

“கோவிக்காதை மச்சான். வளையம் போடுவம் எண்டு நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது நிண்டிருக்கும்.”

நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ எடுத்தவற்றை எடுக்கவில்லை. எத்தனை என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

பதினொரு வருஷம் நாம் செய்தது சின்னப்பிள்ளை வேலை. கோயிலில் நீ வடக்கு வாசலால் வந்தால் நான் தெற்கு வாசலால் போனேன். பரமட்டாவில் ஒரு கலியாணத்தில் நம்மை ஒரே மேசையில் இருத்திவிட்டார்கள். பாயாசப் பாத்திரம் உன் பக்கம் இருந்தது. நான் என் மனைவியிடம், “அவரிட்டைப் பாயாசத்தைக் கேளும்” என்றேன். என் மனைவி கௌரியிடம் கேட்டாள். கௌரி உன்னிடம் கேட்டார். நீ கௌரியிடம், “அவருக்குச் சீனி வருத்தம் எல்லே, குடிக்கலாமோ எண்டு கேளும்” என்றாய். கேள்வி அதே வழியாகத் திரும்பி வந்தது. பாத்திரம் நமக்கிடையில் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. எதிரில் இருந்தவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். நான் பாயாசம் குடிக்கவில்லை. எனக்குச் சீனி வருத்தம் வந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சண்டை பிடித்தேன்.

உன் மரண அறிவித்தல் வாட்ஸப்பில் வந்தது. நாலு குழுக்களில், ஒரே படத்தோடு. தகனத்துக்கு வந்தேன். கடைசி வரிசையில் நின்றேன். உன் முகத்தைப் பார்க்க முன்னால் வரவில்லை. உன் அலுவலகத்து வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்து நீ எப்போதும் நகைச்சுவையாகப் பேசுவாய் என்றார். அதைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன்.

சரி. செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இன்னொரு சைலோ இருக்கிறது. உனக்குத் தெரியும், கிழவர் சொன்ன அடுத்த ஓடைக்கு அப்பாலுள்ள பண்ணை. அப்போது உள்ளே விடமாட்டோம் என்று நாயை அவிழ்த்துவிட்டார்களே, அது. அதே சூளை, அதே கட்டு. இப்போது அதுவும் வீட்டுத் திட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் காலம் மாறிவிட்டது. இப்போது பழையது ஒன்று நடுவில் நின்றால்தான் வீடு நன்றாக விற்கிறதாம். சைலோவைச் சுற்றிச் சிறுவர் பூங்கா. சறுக்கு, ஊஞ்சல், சைலோவின் அடியில் ஒரு வட்ட மணல்தொட்டி. அறிக்கை என்னுடையது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும்.

திட்டத்தின் மேலாளர் செந்தில், கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வயதுகூட இருக்காது. காலணியில் மண் படாமல் நடப்பதற்கு ஒரு தனி நடை வைத்திருக்கிறார். என்னுடைய பழைய அறிக்கையை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார்.

“சார், சூப்பரா எழுதியிருக்கீங்க. புது இரும்பு எதுவும் தொடக்கூடாதுன்னு. அதையே பேரை மாத்தி இதுக்கும் குடுத்துருங்க. எங்க டிசைனுக்கு அதுதான் கரெக்ட்டா இருக்கும்.”

“சுவரைத் திறந்து பாக்கோணும்” என்றேன்.

“எதுக்கு சார்? நீங்களே நல்லா இருக்குன்னு தானே சொல்லுவீங்க?”

அவருடைய ஆளிடம் உளி வாங்கி நானே கொத்தினேன். நெஞ்சு உயரத்தில் ஒரு சாந்துக் கோடு. நாலு இடம் திறந்தேன், ஒன்றென்று நீ சொல்லிக்காட்டாதபடி. முதல் மூன்றில் கம்பி இருந்த இடத்தில் சிவப்பு மா. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது. நாலாவதில் கம்பி இருந்தது, மூன்று மடங்கு வீங்கி, கல்லை வெளியே தள்ளி மயிரிழை வெடிப்பு விழுத்தி. மேலே பார்த்தேன். வெடிப்பு கல்வரிசைகள் வழியாகப் படிபோல ஏறி, கூரை வரைக்கும் போயிருந்தது. அடியில் மணல்தொட்டிக்கு முளை அடித்து, மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள்.

செந்தில் பார்க்காததுபோல நின்றார். “வளையம் எல்லாம் போட்டா பீப்பாய் மாதிரி இருக்கும் சார். வீடு வாங்க வர்றவங்க போட்டோ எடுக்கணும்ல? நீங்க தானே அழகு அழகுன்னு எழுதியிருக்கீங்க?”

என் வாக்கியங்கள்தான். என் வாக்கியங்களை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு வருஷத்துக்கு முன் எந்த ஆட்களை எதிர்த்து அவற்றை எழுதினேனோ, அதே மாதிரி ஆட்களுக்கு இப்போது அவை பிடித்திருக்கின்றன.

புதன்கிழமை வேலை ஓடவில்லை. எழுந்தேன், இருந்தேன், கடைக்குப் போய் எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பினேன். வளையம் போடுவதென்றால் எத்தனை, எந்த இடைவெளியில் என்று எனக்குத் தெரியாது. உன் அறிக்கையில் இருக்கும். அது பதினொரு வருஷமாக என் கணினியில் கிடக்கிறது. கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். முதல் பக்கத்தில் நிலம் வாங்கிய கம்பெனியின் பெயரைப் பார்த்துவிட்டு மூடியவன், பிறகு திறக்கவே இல்லை. நான், படித்தவன். பத்திரங்களை வாசிப்பதுதான் தொழில் என்று சொல்லித் திரிகிறவன்.

திறந்தேன். இடிக்கவேண்டும் என்று நீ எங்கேயும் எழுதவில்லை. வைத்திருக்கலாம், வைத்திருக்கவேண்டும் என்று இரண்டு இடத்தில் இருந்தது. ஏழாம் பக்கத்தில் படம். சைலோவைச் சுற்றி வளையங்கள், எல்லாம் கல்லின் மேல் படாமல் சாந்துக் கோட்டின் மேலேயே விழும்படி, கல்லின் தேன்நிறத்திலேயே பூச்சு. எண்ணிப் பார்த்தேன். எட்டு. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. கணக்குப்படி ஏழு போதும். ஆனால் சம இடைவெளியில் ஏழு போட்டால், வடக்குப் பக்கத்தில் உப்பு வழிந்த பதினொரு கற்களின் மேல் ஒன்று குறுக்கே விழுகிறது. அந்த ஒன்றை எடுத்து, அந்தக் கற்களுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போடப்பட்டிருக்கின்றன. காரணம்: வரலாற்று ஆலோசகர் இந்தக் கற்களை முக்கியமானவையாகக் கருதுகிறார்.

வரலாற்று ஆலோசகர் அதைப் பலமுறை வாசித்தார். பிறகு வெளியே போய் மெரிலேண்ட்ஸ் ரயில் நிலையம் வரை நடந்து, ஒரு ரயிலும் ஏறாமல் திரும்பி வந்தார்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? அந்த மண்டபத்தில் எட்டாவது வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொன்னாயோ என்னவோ. உன் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை உன் மகள் ஆரணிக்குப் போன் எடுத்தேன். அவளும் உன் தொழில்தான். சின்ன வயதில் கொரோலாவின் பின்சீட்டில் தமிழ்ப் புத்தகத்தை முகத்தில் மூடிக்கொண்டு தூங்கியவள். என் குரலைக் கேட்டதும், “ஓம் அங்கிள், சொல்லுங்கோ” என்றாள். உன் கணக்கையும், நான் திறந்து பார்த்த நாலு இடத்தின் படங்களையும் அனுப்பினேன். பின்னேரத்துக்குள் திருப்பி எடுத்தாள்.

“அங்கிள், அப்பான்ரை கணக்கு கரெக்ட். இந்தச் சைலோவும் கிட்டத்தட்ட அதே சைஸ்தான். ஆனா எட்டு ஏன்? செவன் காணுமே. டாட் அப்பிடி வேஸ்ட்டா ஒண்டும் போடமாட்டார்.”

“அது எனக்காகப் போட்டது, பிள்ளை.”

“சீரியஸ்லி?”

பதினொரு பச்சைக் கற்களின் கதையைச் சொன்னேன். அவை இப்போது எந்தக் குப்பைமேட்டின் அடியில் கிடக்கின்றனவோ என்றேன். இந்தச் சைலோவில் அப்படி ஒரு கல்லும் இல்லை. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன். சூளைக்காரன் உப்பைச் சரியாக எறிந்திருக்கிறான். எட்டாவதுக்கு இங்கே வேலை இல்லை.

“அப்ப ஏழெண்டு எழுதுறன்” என்றாள். பிறகு தயங்கினாள். “அங்கிள், நான் ஒண்டு கேக்கலாமோ? வீட்டிலை கேட்டா அம்மா டாபிக்கை மாத்திப்போடுவா. அப்பா ஏன் உங்களோட கதைக்கிறேல்லை?”

எனக்கு ஒரு நல்ல பதில் இருந்தது. பதினொரு வருஷமாகச் செதுக்கி வைத்திருந்தேன். மண்டபம், மைக், சிரிப்பு, எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தது.

“அவர் கதைச்சவர், பிள்ளை. நான்தான் போனை எடுக்கேல்லை.”

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “ஓகே, அங்கிள். ட்ரோயிங் இண்டைக்கே அனுப்புறன்” என்றாள். உன்னைப் போலவே, அழுவதற்கு நடுவில் வேலையைச் சொல்கிறாள்.

நேற்று வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். ஏழு வளையம். அவை போடும்வரை அந்த மணல்தொட்டியின் பக்கம் ஒரு பிள்ளையும் போகக்கூடாது. என் முந்தைய அறிக்கை தவறு, சுவரைத் திறக்காமல் எழுதப்பட்டது என்று ஒரு பந்தி. கணக்கு உன்னுடையது என்று உன் முழுப்பெயர், சரிபார்த்தது ஆரணி என்று அவள் பெயர். செந்தில் போனில் கத்தினார். “என்ன சார் இது, உங்களை நீங்களே அசிங்கப்படுத்திக்கிறீங்க? இதைப் படிச்சா இனி யார் சார் உங்களைக் கூப்பிடுவாங்க?” ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன். வளையம் போடாமல் இனி ஒரு நகரசபையும் அந்தப் பூங்காவைத் திறக்கவிடாது. அது நிற்கும். பீப்பாய் மாதிரித்தான் நிற்கும்.

உன்மேல் இருந்த கோபங்களில் பலவற்றை இந்தக் கிழமை எறிந்துவிட்டேன். நிலம் வாங்கியவர்களின் ஆள் என்றது, இடித்தவன் என்றது, பாயாசம் தராதது, எல்லாம் போய்விட்டன. ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். அந்த மண்டபத்தில் நீ அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சரியாக இருந்தாலும், என்னைப் பார்த்து அவர்கள் சிரிக்கும்படி சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு நீ எனக்குப் பதில் சொல்லவேண்டும். இதை விடச்சொல்லி யாரும் எனக்குப் புத்தி சொல்லவேண்டாம், கௌரியும் வேண்டாம். இதையும் இறக்கி வைத்துவிட்டால், மச்சான், உன்னைக் கூப்பிட்டு ஒரு சண்டை பிடிப்பதற்கு எனக்கு வேறு காரணமே இல்லை.